ஆடியில் போட்ட பில்

அவனுக்கு நான் செய்தது அதிகம் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். குறைத்துச் செய்ய எனக்குத் தெரியவில்லை.

நான் பூனாவில், போபோடியில் இருக்கிறேன். ஃபிட்டர் வேலை. ஆறாவது வரை தமிழ்ப் பள்ளியில் படித்தேன், அப்புறம் பட்டறை. அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கிக்கு ஃபாக்டரி வேலைக்கு வந்தவர். நான் இருபத்தாறு வருஷம் ஸ்கூட்டர் ஓட்டினேன். ஒரு மழை நாளில் வண்டி சறுக்கி மனைவி விழுந்தாள். முட்டியில் ஆறு தையல். விழுந்த இடத்தில் எழுந்து நின்று புடவையை உதறிவிட்டு, "இனிமே இதுல ஏறமாட்டேன்" என்றாள். ஏறவில்லை. இரண்டு வருஷம் பஸ்ஸில் போய் வந்தாள். அதனால்தான் கார்.

ஒரு ஷோரூமில் தமிழ் பேசுகிற ஆள் இருக்கிறான் என்று பட்டறையில் சொன்னார்கள். அவனைத் தேடிப் போனோம். கோயம்புத்தூர்க்காரன். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவனுக்கு விளம்பரம்.

நாங்கள் போனது ஆடி மாதம். பார்க்கத்தான் போனோம். ஆடியில் புதுசாக எதையும் நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

"நம்மூருங்களா? மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்ளே" என்றான். தண்ணீர் கொடுத்தான். காபி கொடுத்தான். மனைவிக்கு அவனே நாற்காலி இழுத்துப் போட்டான். பூனாவில் கடைக்காரன் தமிழில் பேசிவிட்டால் நம் ஆட்கள் இளகிவிடுவார்கள். நானும் இளகினேன்.

"ஆடி முடியட்டும், வந்து எடுத்துக்கறோம்" என்றாள் மனைவி.

"நாங்களும் அப்படித்தானுங்க்கா. எங்கம்மா ஆடியில ஒரு வெளக்குமாறுகூட வாங்க உடாது" என்றான். என் பக்கம் திரும்பினான். "ஒண்ணு பண்ணலாமுங்ணா. பில்லு இந்த ஜூலைக் கடைசியிலயே போட்டுர்றன். ஆஃபரு உங்களுக்குக் கெடைச்சிரும். வண்டி இங்கயே நிக்கட்டும். ஆவணி பொறந்து நல்ல நாளாப் பாத்துச் சாவி வாங்கிக்கங்க. சாமிக்கும் குத்தமில்ல, பாக்கெட்டுக்கும் குத்தமில்ல."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். என் தப்பு அது ஒன்றுதான். பில் போட்ட அன்றைக்கே வாரண்டி தொடங்கிவிட்டதாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார்கள். அது அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. வண்டி ஷோரூமுக்குப் பின்னால் மழையில் இருபது நாள் நின்றது. வாரண்டியும் நின்ற இடத்திலேயே இருபது நாள் தேய்ந்தது.

ஆவணி மூன்றாம் நாள் எடுத்தோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். அவர்கள் பங்குக்கு ரிப்பன், கேக், அட்டையில் செய்த பெரிய சாவி. போட்டோ எடுத்தார்கள்.

வாரண்டி மூன்று வருஷம், அல்லது அவர்கள் சொன்ன கிலோமீட்டர். எது முந்துகிறதோ அது. கிலோமீட்டரை நான் தொடவே இல்லை. வேலைக்கு நடந்தே போகிறவன் நான். சர்வீஸ் எல்லாம் அங்கேயேதான், சொன்ன நாளில். பட்டறை நண்பன் ஒருவன் நல்ல ஹாரன் ஒன்றை இலவசமாக மாட்டித் தருகிறேன் என்றான். வெளியே வயரில் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று கோயம்புத்தூர்க்காரன் சொல்லியிருந்தான். வேண்டாம் என்றேன். அவன் சொன்னதை எல்லாம் கேட்டேன். அவன் சொல்லாமல் விட்டதுதான் கடித்தது.

மூன்று வருஷம் கழித்து, அதே ஆடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடக்வாஸ்லா போனோம். அணை ஓரத்தில் சுட்ட சோளம் தின்றோம். திரும்பும்போது ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. திருப்பம் வந்தால் இரண்டு கையாலும் தொங்கித் திருப்பினேன். எதிரே பஸ்.

"ஓரமா நிறுத்து" என்றாள் மனைவி.

"ஓரம் வந்தா நிறுத்தறேன்."

வீடு வந்து சேர்ந்தபோது என் தோள் இரண்டும் வீங்கியிருந்தன.  மனைவி கதவைத் திறந்து இறங்கி, ஸ்கூட்டரைப் பார்த்த மாதிரியே காரையும் ஒரு பார்வை பார்த்தாள். அது எனக்குப் போதும். இந்தக் கார் சரியாகாவிட்டால் அவள் மறுபடியும் பஸ்தான்.

திங்கட்கிழமை சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். வண்டியை வாங்கி எழுதுகிற ஆள் கம்ப்யூட்டரைத் தட்டினார். "காகா, வாரண்டி கதம் ஹோ கயி" என்றார். முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டதாம். ஸ்டியரிங்கை மோட்டாரோடு முழுசாக மாற்ற வேண்டும், செலவு உங்களுடையது என்று ஒரு தொகை சொன்னார். அது என் மூன்று மாதச் சம்பளம்.

சாவி வாங்கியது ஆவணியில் என்றேன். மேனேஜரைப் பாருங்கள் என்றார். மேனேஜர் யார் என்று பார்த்தால், அவன்தான். வளர்ந்துவிட்டான். கண்ணாடி ரூம் கொடுத்திருந்தார்கள்.

"வாங்ணா" என்றான். இந்த முறை தண்ணீர் வரவில்லை.

"சாவி நீ குடுத்தது ஆவணி மூணாம் தேதி."

"இருக்கலாமுங்ணா. சிஸ்டத்துல பில் தேதிதானுங்களே இருக்குது."

"நீதான போட்ட."

"நீங்க ஆடின்னு சொன்னீங்க. அதனால போட்டங்ணா. வண்டிய நாங்க நிறுத்தலயே. நீங்கதான நிறுத்தச் சொன்னீங்க."

நான் எழுந்து வெளியே வந்தேன். கண்ணாடிக் கதவு முழுசாகச் சாத்தவில்லை. உள்ளே போன சர்வீஸ் ஆளிடம் அவன் இங்கிலீஷில் ஏதோ சொன்னான். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் ஆடி என்ற சொல் எந்தப் பாஷையிலும் ஆடிதான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா விளக்குமாறு வாங்க விடமாட்டாள் என்று சொன்ன வாய் அது.

தண்ணீர் மெஷினில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். இவனை விடக்கூடாது என்று நினைத்தேன்.

என் மனைவி பத்தாவது படித்தவள். வாரண்டி புத்தகத்தை அடுப்படியில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தாள். தெரியாத சொல்லைப் போனில் பார்த்தாள். மூன்று சாயங்காலம் ஆனது.

"பிரேக் கட்டை, கிளட்ச், வைப்பர், பல்பு, டயர். தேய்றது எதுவும் இல்லியாம்."

"சரி."

"வெள்ளம் பூந்தா இல்ல. வெளிய கை வெச்சா இல்ல. எலி கடிச்சா இல்ல."

"எலியா?"

"எலின்னுதான் போட்டிருக்குது. துரு புடிச்சா இல்ல, சத்தம் வந்தா இல்ல, சாயம் மங்கினா இல்ல. எது உண்டுன்னு போட்டிருந்தா ஒரே வரில முடிஞ்சிருக்கும்."

"ஸ்டியரிங் மோட்டார் எங்கயாவது இல்லன்னு போட்டிருக்குதா?"

இரண்டு தரம் தேடினாள். "இல்லன்னு போடல. அதனால உண்டு."

மூன்றாம் நாள்தான் அந்த வரி கிடைத்தது. அது பின்பக்கம் இல்லை, முதல் பக்கத்திலேயே இருந்தது. முதல் சொந்தக்காரரிடம் வண்டியை ஒப்படைத்த நாளிலிருந்து வாரண்டி தொடங்கும். பில் என்ற பேச்சே அதில் இல்லை. அவள் நான்கு முறை படித்தாள். என்னிடம் பென்சில் கேட்டு அடிக்கோடு போட்டாள். எங்கள் கணக்கில் ஆவணி பிறந்து மூன்றாம் நாள்வரை வாரண்டி இருந்தது. அதற்குள் அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். இழுத்தடித்தால் அந்த நாளும் தாண்டிப்போகும்.

வண்டி அவர்களிடமேதான் நின்றது. வியாழக்கிழமை போனேன். கோளாறை எழுதித் தருகிற ஜாப் கார்டைப் போடச் சொன்னேன். தேதியோடு. அந்த ஆள் உள்ளே போய் வந்து, மோட்டார் வயரை எலி கடித்திருக்கிறது என்றார். எலி என்றால் வாரண்டியில் வராது. போனில் ஒரு போட்டோ காட்டினார். கடித்த வயர்தான். அதன் மேல் சிவப்பு மண் அப்பியிருந்தது. என் வண்டி போபோடித் தெருவும் தார் ரோடும் தவிர வேறு மண் பார்த்ததில்லை.

"என் வண்டில காட்டு" என்றேன்.

உள்ளே கஸ்டமர் வரக்கூடாது என்றார். சரி என்று பட்டறை வாசலில் தரையில் உட்கார்ந்தேன். நிற்பதும் உட்கார்வதும் எனக்குக் கஷ்டமில்லை, அதுதான் தொழில். ஒரு மணி நேரம் போனது. மெக்கானிக் ஒருவர் கை கழுவ வந்தார். என் வயசு இருக்கும். முழங்கை வரை கிரீஸ். என் கையைப் பார்த்தார்.

"ஃபிட்டர்?" என்றார்.

"ஹோ" என்று தலையாட்டினேன்.

குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தோடு சொன்னார். "வயர் டீக் ஆஹே. மோட்டர் கேலா." வயர் நன்றாக இருக்கிறது, மோட்டார்தான் போய்விட்டது. அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அவருக்கும் வேலை இருக்க வேண்டும்.

நான் எழுந்து போய்ச் சொன்னேன். எலி என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடு, அந்த வயரைக் கழற்றிக் கையில் கொடு, நான் வேறு இடத்தில் காட்டிக்கொள்கிறேன். எழுதுகிற ஆள் பேனாவை எடுத்தார். வைத்தார். கடைசியில் மோட்டார் செக் என்று மட்டும் எழுதித் தேதி போட்டார். எலி அத்தோடு போய்விட்டது.

சனிக்கிழமை மனைவியும் வந்தாள். சாவி வாங்கிய அன்று அவர்களே எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். அதைக் கழற்றித் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். கண்ணாடி ரூமில் அவன் மேஜைமேல் வைத்துத் துண்டைப் பிரித்தாள். கண்ணாடிமேல் அவள் வைத்த குங்குமம் அப்படியே இருந்தது.

"இது யாரு?"

"நானுங்க்கா."

"கையில இன்னா?"

"சாவிங்க்கா. அட்டைச் சாவி."

"பக்கத்துல பலகையில தேதி எழுதி வெச்சிருக்கீங்களே. படி."

அவன் படிக்கவில்லை. "அது போட்டோ எடுத்த தேதிங்க்கா. டெலிவரி தேதி சிஸ்டத்துல வேற..."

"அப்ப எனக்கு எதுக்கு கேக்கு ஊட்டின? அன்னிக்கு எனக்கு பொறந்த நாளா?"

வெளியே இருந்த சேல்ஸ் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரியாது, ஆனாலும் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான். "முடிவு சொல்ற பெரிய மேடம் லீவுங்க்கா. அடுத்த வாரம் பேசிக்கலாம்."

அடுத்த வாரம் அதற்கடுத்த வாரமாகும் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் வெளியே வரும்போது ஒரு இளம் தம்பதி அவனுக்காக உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் ஆட்கள். ஐடி கம்பெனி அட்டை கழுத்தில் தொங்கியது. அவன் அவர்கள் எதிரே போய் உட்கார்ந்தான். "பில்லு இப்பவே போட்டுர்றனுங்க. ஆவணி பொறந்து சாவி வாங்கிக்கங்க. சாமிக்கும் குத்தமில்ல, பாக்கெட்டுக்கும் குத்தமில்ல."

ஒரு எழுத்து மாறவில்லை.

மனைவியைப் பஸ் ஏற்றிவிட்டு வாசலில் நின்றேன். அந்தத் தம்பதி வெளியே வந்தார்கள். நான் போய்ச் சொன்னேன். பில் போட்ட அன்றைக்கே உங்கள் வாரண்டி ஓட ஆரம்பித்துவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது என்று. ஜாப் கார்டைக் காட்டினேன். அந்தப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அந்தப் பெண் உடனே திரும்பி உள்ளே போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் பேசினாள். அவன் கையை விரித்தான். அவள் எழுந்துவிட்டாள்.

பொய் சொல்லமாட்டேன். எனக்கு வயிறு குளிர்ந்தது.

திங்கட்கிழமை பட்டறையில் ஒரு வாரம் லீவு சொன்னேன். மகள் கல்யாணத்துக்குக்கூட நான் நான்கு நாள்தான் எடுத்தேன். ஷோரூமுக்கு எதிரே ரோட்டோரம் ஒரு டீக்கடை. காலை பத்து மணிக்குப் போய் உட்கார்வேன். தமிழ் ஆட்களைக் கண்டுபிடிப்பது சுலபம். வாசல் வரை வந்து, உள்ளே போகாமல் போனில் ராகு காலம் பார்ப்பார்கள். அந்த நேரம் எனக்குப் போதும். ரோட்டைத் தாண்டிப் போய் மூன்று விஷயம்தான் சொல்வேன். பில்லை ஆவணியில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒப்படைக்கும் தேதியை எழுதி முத்திரையோடு வாங்குங்கள். புத்தகத்தில் எது உண்டு என்பதை விட எது இல்லை என்பதை முதலில் படியுங்கள்.

சிலர் தேங்க்ஸ் சொன்னார்கள். ஒருவர் எனக்குப் பத்து ரூபாய் கொடுக்க வந்தார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். வாங்கவில்லை. யார் எப்படி நினைத்தாலும் உள்ளே போய் அதைத்தான் கேட்டார்கள். அவன் முகம் கண்ணாடிக்குள் மாறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ நன்றாக இருந்தது.

நான்காம் நாள் அவன் ரோட்டைத் தாண்டி வந்தான்.

"அண்ணா, எம் பொழப்புல மண்ணப் போடாதீங்க."

"டீ குடிக்கறேன்."

"காலையிலருந்து ஆறு டீயா குடிப்பீங்க?"

"ஏழு."

"போலீசக் கூப்பிடுவனுங்ணா."

"கூப்பிடு. புத்தகம் கையிலயே இருக்குது. அவருக்கும் படிச்சிக் காட்டச் சொல்றேன்."

"நாமெல்லாம் ஒரே ஊருங்ணா."

"கோயமுத்தூர் எங்க, வேலூர் எங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே பெரிய மேடம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். லீவில் இருந்தாரா இல்லையா என்று தெரியாது. மராட்டிக்கார அம்மா, அறுபது வயசு இருக்கும். போட்டோவைக் கேட்டார். மனைவி மறுபடியும் துண்டைப் பிரித்தாள். மேடம் போட்டோவைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"ஹா தூச் னா?" என்றார். இது நீதானே?

"ஹோ, மேடம்."

பென்சில் கோடு போட்ட வரியையும் படித்தார். பிறகு கம்பெனித் தாளை அவன் பக்கம் தள்ளினார். இந்த வண்டியை இன்ன தேதியில்தான் ஒப்படைத்தோம் என்று அவன் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதினான். எழுதும்போது காது சிவந்திருந்தது. நான் அவன் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கும் பார்க்கவில்லை. எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் கேட்டேன். அதையும் அவனே எடுத்துக் கொடுத்தான்.

மறுநாளே மோட்டாரை வரவழைத்து மாட்டினார்கள். செலவு அவர்களுடையது. மனைவி முன் சீட்டில் உட்கார்ந்தாள். சாங்வி வரை போய் வந்தோம். ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. வீட்டுக்கு வந்து அவள் மறுபடியும் புத்தகத்தை எடுத்தாள்.

"மாத்தின சாமானுக்கு, பழைய வாரண்டில மிச்சம் இருக்கற நாளு வரைக்கும்தான் உண்டாம்."

"மிச்சம் எவ்ளோ?"

விரல் விட்டு எண்ணினாள். "ஆறு நாளு."

 அவள் புத்தகத்தை மூடினாள். "போதும். கார் ஓடுது. நாளைக்கு வேலைக்குப் போ" என்றாள்.

வேலைக்குப் போகவில்லை. லீவு இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்தது. டீக்கடைக்குப் போனேன். காரிலேயே போனேன். அவன் பார்க்கிற மாதிரி நிறுத்தினேன்.

பதினொரு மணிக்கு அவன் வந்தான். டை கட்டவில்லை. என் பக்கத்தில் கல்லின்மேல் உட்கார்ந்தான்.

"வண்டி சரியாயிருச்சுல்லீங்ணா?"

"ஆயிருச்சி."

"லெட்டரும் குடுத்துட்டன்."

"குடுத்த."

"அப்பறம் இன்னிக்கு எதுக்குங்ணா?"

"ஆடி முடியல."

அவன் ரோட்டைப் பார்த்தான். அன்றைக்குச் சிரித்ததைப் பற்றிச் சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அது அவன் நினைவிலேயே இல்லை என்று புரிந்தது. சிரித்தவனுக்கு அது இருக்காது.

"என்னைய ஹடப்சர் பிராஞ்சுக்குப் போகச் சொல்லிட்டாங்ணா. சாதா சேல்ஸுக்கு. மறுபடி கீழயிருந்து."

"எப்போ?"

"ஒண்ணாந்தேதியிலருந்து."

"தூரமாச்சே. வழி எப்படி?"

நான் கேட்டதை அவன் அக்கறை என்று எடுத்துக்கொண்டான். முகம் கொஞ்சம் இளகியது. "கேம்ப் வழியாப் போனா முக்கா மணி நேரமுங்ணா. பஸ்ஸும் இருக்குது. மெயின் ரோட்டு மேலதான் பிராஞ்சு. தேடவே வேண்டாம்."

"எதிர்ல டீக்கடை இருக்குதா?" என்றேன்.

அவன் என் காரைப் பார்த்தான்.

ஷோரூம் வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்றது. அப்பா, அம்மா, கைக்குழந்தை. அப்பா போனை எடுத்து எதையோ தேடினார். நான் டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன்.